பத்ரிக்குப் பத்து மணி நேரம்

ஜனவரி 12, ஞாயிறு

மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து கரும்பும் மஞ்சள் கொத்துமாக வருகிறேன், காம்பவுண்டில் எங்கள் வேனின் பின்கதவு திறந்திருக்கிறது. உள்ளே யாரோ கட்டிலைத் தட்டிப் பார்க்கிறார். கோபர்கைரனேயிலிருந்து வந்திருக்கிறார், பெயர் நகுலாம். வண்டி வாங்க வந்தவர். என் கணவர் பத்ரிதான் எனக்குச் சொல்லாமல் வரவழைத்திருக்கிறார்.

நல்ல மனுஷர்தான். மனைவி, இரண்டு குழந்தைகளோடு ஊர் சுற்ற வேண்டுமாம். 26ஆம் தேதி மாமனாரையும் கூட்டிவந்து முடிவு சொல்கிறேன் என்றார்.

ஓய்வு பெற்ற வருஷம் நானும் பத்ரியும் சேர்ந்து ஆசையாகச் செய்துகொண்ட வண்டி. கட்டில், அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ், கூரையில் சோலார் பலகை. ஓட்டுவது நான், வழி சொல்வது அவர். போன மழைக்காலத்தில் அவருடைய நுரையீரல் கெட்டதோடு எல்லாம் நின்றுபோனது. படுத்தால் ஆக்ஸிஜன் மெஷின் வேண்டும், பகலிலும் பாதி நேரம் வேண்டும். கட்டிலுக்கடியில் இருக்கும் பழைய பேட்டரிகளில் அந்த மெஷின் இரண்டு மணி நேரம்தான் ஓடும்.

ஏன் விற்கணும் என்று கேட்டேன். "சுவத்துல பிளக் எங்கேயோ, அங்கேதான் நான். வண்டி எதுக்கு விஜி?" என்றார்.

பொங்கல் சாமான்களை அப்படியே மேஜைமேல் போட்டுவிட்டு வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 13, திங்கள்

டாக்டருக்கு நானே போன் செய்தேன். தாராளமாகப் போகலாம், மெஷின் நிற்கக்கூடாது, அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் கூடவே இருக்கட்டும் என்றார்.

அப்படியானால் தடை அவருடைய நுரையீரல் இல்லை, பேட்டரி.

நுரையீரலும்தான். ஆனால் பேட்டரியை மாற்ற முடியும்.

ஜனவரி 16, வியாழன்

சஃப்ரீன் வந்தாள். தாராவியில் சொந்தக் கடை, பேட்டரி ரிக்ஷாக்களுக்கு பேட்டரி கட்டிக்கொடுப்பவள். போன வருஷம் எதிர்வீட்டில் சோலார் போட்டதும் அவள்தான். முப்பத்திரண்டு வயதிருக்கும். பேச்சில் இன்னும் திருநெல்வேலி இருக்கிறது. கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"பழசு ரெண்டையும் கழத்திருவோம் ஆன்ட்டி. லித்தியம் போட்டா அங்கிளோட மெஷினு பத்து மணி நேரம் ஓடும். வண்டி ஓடும்போது தானா சார்ஜ் ஏறும். நின்னா மேல சோலார் இருக்குல்லா."

பத்து மணி நேரம். ஒரு முழு ராத்திரி.

பத்ரி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வரவில்லை. என்னத்துக்கு இந்த வீண் வேலை, விற்கப்போகிற வண்டிக்கு என்றார். விற்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை போயிட்டு வருவோம் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். சரி என்றார். எனக்காகத்தான்.

ஜனவரி 22, புதன்

புதுப் பேட்டரிகளைப் பொருத்தியாயிற்று. பழையவற்றில் பாதி கனம்கூட இல்லை.

இன்வெர்ட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு. பேட்டரியை ஒட்டிக் கட்டிலுக்கடியில் வைக்க வேண்டும் என்றாள் சஃப்ரீன். அதன் விசிறி இரைந்தால் பத்ரி தூங்க மாட்டார், அடுப்பு மேடைக்குக் கீழே வை என்றேன். அங்கே வைத்தால் ஒயர் நீளம், கனமான ஒயர் வேண்டும், அது வர நாலு நாள் ஆகும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை நகுல் வந்துவிடுவாரே! பழைய ஒயர் சும்மாதானே கிடக்கிறது, அதையே போடு என்றேன்.

"அது சூடாவும் ஆன்ட்டி. எனக்கு மனசில்ல."

ஒரு தடவை போய்வரத்தானே என்றேன். பழைய ஒயரைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டுப் போட்டாள். ஒருநாள் முழுக்க மெஷினை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கணும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது.

ஜனவரி 24, வெள்ளி

ஸ்ரீவர்தன் கடற்கரைக்குக் கிளம்பினோம். பென் ஊரைத் தாண்டியதும் பின்னாலிருந்து கருகல் வாடை. அடுத்த நிமிஷம் இன்வெர்ட்டர் கூவியது, மெஷின் நின்றது.

லாரிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க ஓரம்கட்டி, பின்னால் ஓடி, சிலிண்டரை மாட்டினேன். வால்வு திறக்கவே மாட்டேன் என்கிறது. அவர் உதடு நிறம் மாறிப்போய் — வேண்டாம். எழுத வேண்டாம்.

மூச்சு சரியானதும் அவர் செய்த முதல் காரியம், சஃப்ரீனுக்குப் போன் போட்டதுதான். ஸ்பீக்கரில். "உன்னை நம்பி ஏறினேம்மா. வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே." அவள் என்னைச் சொல்லவில்லை. அங்கிள் நல்லாருக்காங்களா, சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும், இப்ப எங்க நிக்கிறீங்க — இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஜனவரி 25, சனி

இன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

நகுலும் மாமனாரும் வந்தார்கள். பத்ரி மூக்கில் குழாயோடு சோபாவில் உட்கார்ந்தபடியே சாவியை மேஜைமேல் வைத்தார். ஒரு விஷயம் முன்னாலேயே சொல்லிடறேன், ஒயரிங் சரியில்லை, தாராவியில ஒரு பொண்ணு அரைகுறையா பண்ணிட்டா, நீங்க வேற ஆளை வச்சு மாத்திக்கணும் என்றார். நகுல் அவள் பெயரைக் கேட்டு, அந்தப் பக்கமே போகாமல் இருக்கத்தான் என்று சிரித்தார்.

எனக்குத் தாங்கவில்லை. பத்ரி பக்கம் திரும்பினேன்.

"அவ தப்பில்லை. அவ வேண்டாம்னா. நான்தான் பழைய ஒயரைப் போடச் சொன்னேன். ஒருநாள் ஓட்டிப் பாருங்கன்னா, பாக்கலை. உங்களை அங்க கொண்டுபோய் நிறுத்தினது நான்தான்."

மாமனார் தரையைப் பார்த்தார். பத்ரி சாவியை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார். பிறகு நகுலிடம், இன்னிக்கு எந்த முடிவும் வேண்டாம், மன்னிக்கணும் என்றார்.

அவர்கள் போனதும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ராத்திரி என்னைக் கூப்பிடாமல் மோர்சாதம் தட்டில் போட்டுக்கொண்டு தானே சாப்பிட்டார்.

ஜனவரி 27, திங்கள்

காலையில் சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். "காரை எடு. தாராவிக்குப் போகணும்."

அந்தச் சந்துக்குள் அவரால் நடக்க முடியாது. மெயின் ரோட்டிலேயே நிறுத்தினோம். சஃப்ரீன் கை துடைத்துக்கொண்டே வந்தாள். பத்ரி மடியில் சிலிண்டரோடு, கண்ணாடியை இறக்கி, தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொன்னார். பேச்சு பாதியில் மூச்சு வாங்கியது. அவள் குனிந்து நின்று முழுசாகக் கேட்டாள்.

"என் மேலயும் தப்பு இருக்கு அங்கிள். ஆன்ட்டி கேட்டாங்கன்னு போட்டுட்டேன். மாட்டேன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருக்கணும். மூணு நாளா அதான் எனக்கு ஒறக்கமில்ல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கிரீஸ் ஒட்டியது.

திரும்பும் வழியில் பத்ரி கேட்டார்: "எதுக்கு அவ்வளவு அவசரம் உனக்கு?"

நீங்க ஜன்னல்லயே உட்காந்திருக்கறதை என்னால பாக்க முடியலை என்றேன். சயான் சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹாரன் அடிக்கும்வரை இரண்டு பேரும் அழுதோம்.

பிப்ரவரி 5, புதன்

இன்வெர்ட்டர் கட்டிலுக்கடியில், சஃப்ரீன் சொன்ன இடத்தில். என் கட்டைவிரல் தடிமனில் புது ஒயர், ஒவ்வொரு வழிக்கும் ஃபியூஸ். பத்ரி நாற்காலி போட்டுக் கீழே உட்கார்ந்து ஒன்றொன்றாகக் கேட்டுக்கொண்டார். விசிறி இரையுமே என்றேன். இரைஞ்சா ஓடறதுன்னு தெரியும் என்றார்.

பிப்ரவரி 8, சனி

காம்பவுண்டிலேயே பரீட்சை. காலை எட்டு மணிக்கு மெஷினோடு வேனில் ஏறிப் படுத்தார். மணிக்கொரு தடவை மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்தார், ஆபீசில் இருந்த அதே கையெழுத்து. மதியச் சாப்பாடு உள்ளேதான். வாட்ச்மேன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சஃப்ரீன் மூன்று மணிக்கு வந்து ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். என் கையையும் பிடித்து வைத்தாள். சூடே இல்லை.

மாலை ஆறு மணிக்கு இன்னும் நாலில் ஒரு பங்கு சார்ஜ் மீதி.

பிப்ரவரி 16, ஞாயிறு. ஸ்ரீவர்தன்

எழுந்தபோது மணி எட்டேகால். ராத்திரி ஒரு தடவைகூட எழுந்து அவர் மூச்சைப் பார்க்கவில்லை. போன ஆகஸ்டுக்குப் பிறகு இப்படித் தூங்கினதே இல்லை.

பத்ரி எனக்கு முன்னால் எழுந்து, நீளக் குழாயைக் கதவு வழியாக இழுத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார். மீன்காரம்மாவோடு மராத்தியில் ஏதோ பேச்சு. நாங்கள் மீன் சாப்பிடுவதில்லை என்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. காப்பி போடப் போகிறேன்.