பத்தொன்பது பேர் படித்த பட்டியல்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் தம்பியும் சௌக்கியம், நானும் உடம்பளவில் சௌக்கியம். உன் சௌக்கியத்தை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, செவ்வாய்க்கிழமையிலிருந்து நீ என்னிடம் பேசவில்லை, இன்று சனிக்கிழமை. அம்மா கூப்பிட்டால் எடுக்கிறாய், ஆனால் அப்பா எப்படி இருக்கார் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லையாம். போனில் பேசினால் நான் குரலை உயர்த்துவேன், நீ வைத்துவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன். இதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாயிற்று, யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும். சித்தி உன்னிடம் சொல்லியிருப்பாள். அவளும் எங்கள் கம்பெனியின் கிளை அலுவலகத்திலிருந்து அந்தக் கூட்டத்தில் இருந்தவள்தானே. இருந்தாலும் நடந்ததை என் வாயால் நீ ஒருமுறை கேட்கவேண்டும்.

எங்கள் கம்பெனியில் செவ்வாய்தோறும் காலை பத்தரைக்கு ஆன்லைன் கூட்டம். ஆஸ்பத்திரிக் கட்டில்கள் எந்தக் கிளையில் எத்தனை தேங்கிக் கிடக்கின்றன, எப்போது எங்கே போகின்றன என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, கூட்டத்தை நடத்துகிறவர் அட்டவணையைத் திரையில் பகிர்ந்து எல்லார் கண்முன்னாலும் நிரப்பவேண்டும். எனக்கு ஆறு வருடம் பின்னால் சேர்ந்தவர் இன்று மேலாளர், அந்தக் கதையை நீ நூறு தடவை கேட்டாயிற்று. உங்க அளவுக்கு நிதானமா யாருக்கு சார் வரும் என்று ஐஸ் வைத்து இந்த வேலையை என் தலையில் கட்டியவரும் அவர்தான். முதல் வாரமே நான் சட்டம் போட்டேன். யார் முறையோ அவருக்கு மட்டும் மைக், மற்றவர்களை நானே ம்யூட் செய்துவிடுவேன், அவர்களாகத் திறக்க முடியாது. ஒருவர் வீட்டில் மிக்ஸி ஓடுகிறது, இன்னொருவர் வீட்டில் நாய் குரைக்கிறது, வேறென்ன செய்ய. சாட் பெட்டியையும் மூடினேன், வேலை பேசும் இடத்தில் பூவும் கைதட்டும் பொம்மையும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கிடங்குக்காரர் மட்டும் தன் மைக் மூடியிருப்பது தெரியாமல் ஆவேசமாகப் பேசிக்கொண்டே இருப்பார், அவருக்கு மௌனச்சாமி என்று பெயரே விழுந்துவிட்டது.

இப்போது பட்டியலைச் சொல்கிறேன். பதினொரு வருடமாகக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், யார் எனக்கு என்ன செய்தார்கள், எந்தத் தேதியில் என்று. எழுதிவிட்டால் மனதை விட்டு இறங்கும் என்று ஆரம்பித்தது, இறங்கவில்லை. எப்போதும் அட்டவணையை மட்டும்தான் பகிர்வேன், அன்று அது இரண்டு தடவை உறைந்து நின்றதால் எரிச்சலில் முழுத் திரையையும் பகிர்ந்து தொலைத்தேன். மேலாளர் காரில் போய்க்கொண்டே பேசினார், திரையைப் பார்க்கவில்லை, வெறும் குரல்தான். கட்டில்களைக் கழற்றிக் கட்டி அனுப்பினால் இடம் மிச்சமாகும் என்று புது யோசனை போலச் சொன்னார். ஐந்து வருடம் முன்னால் அதை நான் சொன்னபோது, பாப்போம் சார் என்றவர். எனக்குப் பொறுக்கவில்லை. என் திரை எல்லாருக்கும் தெரிகிறது என்பதையே மறந்து பட்டியலைத் திறந்தேன். என் யோசனை, என் பெயரைச் சொல்லவில்லை என்று தட்டினேன். பழைய தேதியைத் தேடி மேலே மேலே போனேன். போகிற வழியில் உன் வரி வந்தது. அதில் எப்போதும் கை நின்றுவிடும், அன்றும் நின்றது. ஏழு நிமிடம், பத்தொன்பது பேர்.

கூட்டம் முடிந்ததும் மௌனச்சாமி போன் செய்தார். சார், தொண்டை கிழியக் கத்தினேன் சார், அட்டையில பெருசா எழுதி கேமரா முன்னாடி காட்டினேன், நீங்க எங்க சார் பாத்தீங்க என்றார். அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது, இத்தனை பேரில் ஒருவருக்குக்கூடச் சொல்லத் துப்பில்லையா என்று. பிறகு கூட்டத்தின் வீடியோ பதிவைப் போட்டுப் பார்த்தேன். சின்னச் சின்னக் கட்டங்களில் எல்லாரும் வாயசைக்கிறார்கள், கை ஆட்டுகிறார்கள். உன் சித்தி எழுந்து நின்று, ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிறவள் மாதிரி இரண்டு கையையும் வீசுகிறாள். கணக்குத் தணிக்கைக்காரர் ஒருவர்தான் சிரித்தார், அவரை நான் மறக்கமாட்டேன். மற்றவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை, வாயை அடைத்தவன் நான். மேலாளர் மறுநாள் என் மேசைக்கே வந்தார். நானும் பதிவுல படிச்சேன் சார், யோசனை உங்களோடதுதான், சத்தியமா மறந்தே போச்சு, வர்ற செவ்வாயும் நீங்களே நடத்துங்க என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அதுமுதல் உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

உன் வரி இதுதான், சித்தி கூட்டியோ குறைத்தோ சொல்லியிருந்தால் தெரிந்துகொள்: மகள். கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நீ விமானம் ஏறிய அன்று வீட்டுக்கு வந்ததும் எழுதியது. புதன்கிழமை அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டு, யார் சொன்னா திரும்பலைன்னு, மூணு தடவை திரும்பினா, மூணாவது தடவை கை காட்டினா, நீங்க பெட்டி ஏத்தி வந்த தள்ளுவண்டிக்காரரோட, சக்கரம் சரியில்லன்னு, மல்லுக்கு நின்னீங்க, சட்டையைப் பிடிச்சு இழுத்தேன், சும்மா இருன்னு கையைத் தட்டி விட்டீங்க, நாலு வருஷமா இதையா பிள்ளை மேல எழுதி வச்சிருந்தீங்க என்றாள். உன்னை விட்டுக்கொடுக்க மனமில்லாமல்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்து விடாமல் வாதாடினேன். பிறகு பட்டியலைத் திறந்து பார்த்தேன். தள்ளுவண்டிக்காரர் இருக்கிறார். அதே தேதி, உனக்கு நேர் மேல் வரியில். கோணல் சக்கரம், திமிர்ப் பேச்சு என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.

அதற்கு மேல் யாரைக் கேட்பது. இன்று காலை உன் வரியை அழித்தேன். தள்ளுவண்டிக்காரரையும் அழித்தேன், பாவம், வண்டி அவர் செய்ததல்ல. மற்றவை இருக்கின்றன, உன்னிடம் பொய் சொல்ல விருப்பமில்லை. பெரியப்பா, வீட்டுத் தரகர், என் பழைய கல்லூரி முதல்வர், யாரையும் இன்னும் கைவிட முடியவில்லை. ஆனால் உனக்கும் என்மேல் எழுத நிறைய இருக்கும் என்று இந்த நாலு நாளில்தான் தோன்றியது. நாளைக் காலை கூப்பிடு. ஒவ்வொன்றாகச் சொல், தேதி வேண்டாம். நடுவில் புகுந்து அப்படி இல்லை, நடந்தது வேறு என்று ஆரம்பிக்கமாட்டேன், ஆரம்பித்தால் அம்மா பக்கத்திலேயே இருப்பாள். மூன்றாவது தடவை நீ கை காட்டினாயாம், அதை நான் பார்க்கவே இல்லையடி.

நல்லபடியாக இரு, உடம்பைக் கவனித்துக்கொள், காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதே. வேலையில் திரையைப் பகிரும்போது தேவையான ஜன்னலை மட்டும் பகிர், நடுநடுவே தலையை நிமிர்த்தி எதிரில் இருக்கிறவர்கள் முகத்தைப் பார். தம்பி உன் பழைய சைக்கிளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறான், அதற்கும் பதில் சொல். எல்லா நன்மையும் உன்னைச் சேரட்டும்.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உன் அப்பா