கழுவக் கொடுக்காத கால்

மார்ச் 24, குருத்து ஞாயிறு

காலை ஏழு மணிக்கே வெயில். கையில் வாங்கிய ஓலை கோயிலுக்குள் நுழையுமுன் வாடிப்போனது.

பவனியில் எல்லாரும் செருப்பில்லாமல் நடக்கவேண்டும் என்று உபதேசியார் சூசை மைக்கில் சொன்னார். நான் செருப்போடு நடந்தேன். பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

இயேசுவின் பாடுகள் வாசிப்பில் இந்த ஆண்டும் எனக்குக் 'கூட்டம்'. முதுகலை படித்து, அருப்புக்கோட்டையில் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறவன், சனங்களோடு சேர்ந்து சிலுவையில் அறையச் சொல்லிக் கத்தவேண்டும். உரையாளர் பகுதி சூசையின் மருமகனுக்கு. பிலாத்து வரும் இடத்தில் இரண்டு தடவை தடுக்கி நின்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. சொந்தக்காரர்கள்.

பூசை முடிவில் அறிவிப்பு. பெரிய வியாழனன்று பாதம் கழுவப்படும் பன்னிரண்டு பேரின் பெயர்களைப் பாதர் வாசித்தார். ஆறாவது என் பெயர். ஏழாவது இன்னாசி.

இன்னாசி என் தம்பி. அவனோடு பேச்சு நின்று மூன்று ஆண்டு. ஊருக்கே தெரியும். புதிதாக வந்த பாதருக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா? பிறகு எதற்குப் பக்கத்து நாற்காலி? இத்தனை ஆண்டு இந்தச் சடங்குக்கு என்னைக் கூப்பிட யாருக்கும் தோன்றியதில்லை. இந்த ஆண்டு, கால் இப்படி இருக்கும்போது, தோன்றியிருக்கிறது.

மாலை. கதவைச் சாத்திக்கொண்டு கட்டைப் பிரித்தேன். இடது பெருவிரலுக்கு அடியில் புண். ஓரம் கறுத்திருக்கிறது. போன மாதத்தைவிடப் பெரிது. வலி இல்லை. வலி இல்லாதவரை நல்லது என்று வைத்துக்கொள்கிறேன்.

மனைவி ஸ்டெல்லாவிடம் கருவேல முள் என்று சொல்லியிருக்கிறேன். முள் குத்தியது உண்மை. பொங்கல் கழிந்த வாரம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 25, திங்கள்

புழுக்கம். மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது.

இன்றைய நற்செய்தி: பெத்தானியாவில் மரியா இயேசுவின் காலில் தைலம் பூசியது. இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாசு கேட்கிறான். நியாயமான கேள்வி. உடனே யோவான், அவன் திருடன், அதனால்தான் கேட்டான் என்று எழுதிவிடுகிறார். ஒருவன் சரியான கேள்வி கேட்டால் முதலில் அவன் மடியைத்தான் சோதிப்பார்கள். தலைமையாசிரியர் நியமனத்தில் நான் கேள்வி கேட்டபோதும் அதுதான் நடந்தது. "சாருக்கு ஆசை" என்றார்கள்.

ஆசை இருந்தது. அது வேறு விஷயம்.

என் காலைப் பற்றி யாருக்கெல்லாம் தெரியும்?

ஸ்டெல்லா. முள் வரைக்கும். ஆனால் பஞ்சு தீர்வதைக் கவனிக்கிறவள்.

சர்க்கரைக்கு மாத்திரை எழுதும் டாக்டர். தீபாவளிக்குப் பிறகு அவரிடம் போகவில்லை.

மருந்துக்கடை பாய். இவர்மீதுதான் சந்தேகம் அதிகம். வீரசோழன்காரர், கடை திருச்சுழியில். இன்று களிம்பும் கட்டுத்துணியும் வாங்கப் போனேன். நோன்பு, உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தார். யாருக்கு என்றார். ஆட்டுக்கு என்றேன். பொட்டலம் மடித்துக்கொண்டே கேட்டார்:

"ஆட்டுக்குச் சுகர் இருக்கா சார்?"

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

நோன்பு பிடிக்கிற பாய்க்குக் கத்தோலிக்கச் சாமியாரிடம் போய்ச் சொல்ல என்ன அவசியம்? ஆனால் பாதரின் பைக் அந்தக் கடை வாசலில் நின்றதைப் போன வாரம் என் கண்ணால் பார்த்தேன்.

மார்ச் 26, செவ்வாய்

பத்தாம் வகுப்புத் தேர்வு தொடக்கம். அறைக் கண்காணிப்பு. மூன்று மணி நேரம் நின்றபடி. இடது காலில் ஒன்றும் தெரியவில்லை, பஞ்சு மூட்டையின் மேல் நிற்கிற மாதிரி. பஸ்ஸில் பரளச்சி வரை உட்கார இடமில்லை. இறங்கும்போது செருப்புக்குள் வழுவழுப்பு.

நற்செய்தி: உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான். அப்பத் துண்டை வாங்கிக்கொண்டு யூதாசு வெளியே போகிறான். அப்போது இரவு.

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கும் முதலில் ஒரு விரல்தான். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. விரலை எடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே. விரலுக்கும் பாதத்துக்கும் என்னைக் கேட்டார்கள். காலுக்குக் கேட்கவில்லை. பள்ளியிலிருந்து பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா உள்ளே போயிருந்தார். இன்னாசி கையெழுத்துப் போட்டிருந்தான். அண்ணன் வந்துவிடட்டும் என்று சொல்லத் தோன்றவில்லை அவனுக்கு. டாக்டர் உடனே என்றாராம். டாக்டர் எப்போதும் உடனே என்றுதான் சொல்வார்.

அந்த வாசலிலேயே திரும்பி பஸ் ஏறினேன். அப்பா அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கவில்லை. அடக்கத்தில் நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

ஆகவே எனக்கு டாக்டர் வேண்டாம். விரலைக் கொடுத்தால் காலைக் கேட்பார்கள். காலைக் கொடுத்தால் ஆளைக் கேட்பார்கள்.

மார்ச் 27, புதன்

வெயில் இன்னும் ஏறுகிறது. கண்மாயில் ஆட்டுக்குக் கூடத் தண்ணீர் இல்லை.

நாளைய சடங்குக்கு எப்படி வரவேண்டும் என்று சொல்ல உபதேசியார் வந்தார். வெள்ளை வேட்டி, மேல்துண்டு, ஆறு மணிக்கு முன்வரிசை. எனக்கு ஒரு திட்டம் இருந்தது. எங்கள் ஊரில் வலது காலை மட்டும்தான் கழுவுவார்கள். புண் இடதில். சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டு வைத்தேன்.

"அது பழைய சாமி காலத்துல சார். இவுக ரெண்டு காலையும் கழுவணும்னுட்டாக. நல்லாத் தேச்சு வெளுத்துக் கொண்டாங்க. போன வருசம் ஒருத்தரு ஆட்டுக் கொட்டத்துலருந்து அப்படியே வந்து உக்காந்து, மொதத் தாம்பாளத்துலயே தண்ணி கலங்கிப் போச்சு."

உண்மைதான். இங்கே பன்னிரண்டு பேரும் முதல் நாளே கல்லில் தேய்த்துக் குளித்துப் பித்தவெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வருவார்கள். சாமியார் கையில் அழுக்குப் படக்கூடாது. கழுவிய காலைத்தான் இங்கே கழுவக் கொடுப்போம்.

என் பெயரைக் கொடுத்தது யார் என்று கேட்டேன். சூசை துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் வேற பேருதான் சொன்னேன். உங்க பேரை எடுக்கக் கூடாதுன்னு சாமி சொல்லிட்டாக."

ஆக, யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

போவதில்லை என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். "போகாட்டி, தம்பி பக்கத்துல உக்கார மாட்டேன்னு வீம்பு புடிக்கிறாருன்னுதான் ஊரு சொல்லும்" என்றாள். அவ்வளவுதான். மறுபடி கொத்தமல்லி.

இவளாகவும் இருக்கலாம். எப்படிச் சொன்னால் நான் போவேன் என்று தெரிந்தவள்.

நற்செய்தி மீண்டும் யூதாசு, இந்தத் தடவை மத்தேயு. ஒருவன் காட்டிக்கொடுப்பான் என்றதும் சீடர்கள் ஒவ்வொருவரும் 'நானோ?' என்று கேட்கிறார்கள். இத்தனை ஆண்டு வாசித்தும் இன்றுதான் உறைத்தது: ஒருவர்கூடப் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து 'இவனா?' என்று கேட்கவில்லை. நான் அந்தப் பந்தியில் இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மார்ச் 28, பெரிய வியாழன்

புதுக் கட்டு. அதன்மேல் பிளாஸ்திரி. தோல் நிறம்.

இயேசு தன் காலைக் கழுவக்கூடாது என்று பேதுரு மறுத்ததைப் பணிவு என்று பாதர் பிரசங்கத்தில் சொன்னார். எனக்கு ஒப்புதல் இல்லை. ஒருவன் தன் காலை அவ்வளவு பிடிவாதமாக மறைத்தால் வேறு காரணம் இருக்கும். அவர் காலில் என்ன இருந்ததோ.

பிளாஸ்டிக் நாற்காலிகள். இன்னாசி எனக்கு இடப்பக்கம். ஆட்டு வாடையும் சோப்பு வாடையும். நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாதர் முழங்காலிட்டு வந்தார். எனக்கு வலது காலைக் கழுவித் துடைத்து முத்தம் கொடுத்தார். இடது பக்கம் கை நீண்டது. "இது போதும் பாதர்" என்றேன். "அதையும் கொடுங்க சார்" என்றார் மெதுவாக. நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். பாடகர் குழு பாட்டை முடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

அப்போது இன்னாசி குனிந்தான். ஆட்டின் குளம்பைப் பார்க்கத் தூக்குவதுபோல என் கணுக்காலைப் பிடித்துத் தூக்கினான். மூன்று ஆண்டுக்குப் பிறகு என்னிடம் பேசினான். எனக்கும் பாதருக்கும் மட்டும் கேட்கிற குரல்.

"அண்ணே, நாத்தமடிக்குதுண்ணே."

எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. பழகிப்போயிருக்கிறது.

பாதர் கட்டைப் பிரிக்கவில்லை. தண்ணீரும் ஊற்றவில்லை. உலர்ந்த துண்டை அதன்மேல் சுற்றி இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னாசி முன் நகர்ந்தார்.

வெளியே வரும்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே சந்தேகம்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

விடியும்போதே இன்னாசியின் லோடு ஆட்டோ வாசலில். ஸ்டெல்லா பையோடு தயார். எல்லாம் பேசி வைத்திருக்கிறார்கள். மதுரை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றேன். "சரி வராதீங்க, வண்டியில மட்டும் ஏறுங்க" என்றாள் ஸ்டெல்லா. பின்னால் சாக்கு விரித்து அவள் உட்கார்ந்துகொண்டாள். ஏறினேன்.

காரியாபட்டிக்கு முன் தேர்தல் பறக்கும் படை. பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். "எங்க மதினியும் ஆட்டுப் புழுக்கையும்" என்றான். விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கேட்டேன். யார் பாதரிடம் சொன்னது?

"நான்தான்."

திருநீற்றுப் புதனன்று நான் நெற்றியில் சாம்பல் வாங்கித் திரும்பியபோது அவன் வரிசையில் பின்னால் நின்றிருக்கிறான். கோயில் டைல்ஸில் என் கால் தடம். இடது தடம் மட்டும் ஈரம், சிவப்பு. அடுத்தவர்கள் மிதிக்குமுன் துண்டைக் கீழே போட்டு, எடுப்பதுபோலத் துடைத்துக்கொண்டே வந்தானாம். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, நான் சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள், அதனால் சாமியிடம் போனேன் என்றான்.

பாயைச் சந்தேகித்தேன். ஸ்டெல்லாவை, டாக்டரை, சூசையை. இவன் நினைவிலேயே வரவில்லை.

எனக்காகத் துடைத்தானா, வீட்டு மானத்துக்காகவா? கேட்கவில்லை. கேட்டால் எனக்காக என்றுதான் சொல்வான்.

இன்று பாடுகள் வாசிப்பு. கூட்டத்தில் என் குரல் இல்லாமல் நடந்திருக்கும்.

மார்ச் 30, சனி

ஆஸ்பத்திரி. மூன்றாம் மாடி. மின்விசிறிச் சத்தம்.

பெருவிரல் போகும். எலும்பு வரை இறங்கிவிட்டது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பாதம் என்கிறார் டாக்டர். விரலோடு நிற்குமா என்று கேட்டேன். நிற்கும் என்று நினைக்கிறேன் என்றார். நினைக்கிறேன்! மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். அதே பதில். பொய் சொல்கிறவர் உறுதியாகச் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. கையெழுத்தை நானே போட்டேன்.

பகல் பன்னிரண்டுக்கு உள்ளே கொண்டுபோவார்கள். ஸ்டெல்லா மருந்து வாங்கக் கீழே போயிருக்கிறாள். இன்று திருப்பலி கிடையாது, நற்செய்தி கிடையாது. இயேசு கல்லறையில் இருக்கிற நாள்.

இன்னாசி சன்னலோரம் நின்றுகொண்டிருந்தான். நர்ஸிடம் கேட்டு விரலை வாங்கிக்கொள்கிறேன் என்றான். எதற்கு என்றேன்.

"அப்பா கால் பக்கத்துல வைக்க."

எனக்கு விளங்கவில்லை. பிறகு அவனாகவே சொன்னான். அன்றைக்கு நான் பஸ் ஏறிய பிறகு, வெட்டிய காலை வெள்ளைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்துவிட்டார்களாம். கனமாக இருந்ததாம். தனியாக வண்டி ஓட்டி வந்து எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டியிருக்கிறான். கால் மட்டும்தானே என்று அப்போதிருந்த சாமியார் வரவில்லை. இவனே பரலோக மந்திரம் சொல்லியிருக்கிறான். அப்பாவை அடக்கம் செய்தது பெரியப்பா குழியில், வேறு வரிசையில். அதனால் கால் தனியாகவே கிடக்கிறது.

மூன்று கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்கு மெழுகுதிரி ஏற்றியிருக்கிறேன். ஒரு தடவையும் அந்தப் பக்கம் போனதில்லை.

எந்த இடம் என்று கேட்டேன்.

"சொன்னா வெளங்காதுண்ணே. நடந்து வந்து பாருங்க."