மூன்றாவது தேவரகசியம் சொல்ல ஆள் வேண்டும்

சேசு மரி சூசை துணை

காரைக்குடி
26-10-1968

அன்பு மகன் அருளப்பனுக்கு, தகப்பனில்லாத உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவனும், மதுரை முதல் ராமேசுவரம் வரை சட்டைக் காலர் தைப்பதில் நிகரில்லாதவனுமாகிய சித்தப்பா சந்தியாகு ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான், உன் சின்னம்மா, என் தையல் மிஷின் மூவரும் சுகம், உன் மிஷின் மட்டும் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் யாரோடும் பேசுவதில்லை. பிலாயில் நீயும் உன் உருக்காலையும் சுகமென்று உன் சின்னம்மாவுக்கு வரும் கடிதங்களில் பார்த்துக்கொள்கிறேன். அவற்றில் என் பெயரைத் தேடித்தேடி மூக்குக்கண்ணாடியே தேய்ந்துபோனது. நாலு வருஷமாக, "வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லவும்" என்ற வரியில்தான் நான் குடியிருக்கிறேன்.

ஐப்பசி பிறந்ததும் பெய்த மழையில் ஊருணி நிரம்பிவிட்டது, இன்னும் ஒரு நாள் பெய்திருந்தால் நோவா நம் தெருவுக்கே பேழையை ஓட்டி வந்திருப்பார். ஜெபமாலை மாதமல்லவா, மாதா சுரூபம் வீடு வீடாக வருகிறது. போன செவ்வாய் சாயந்தரம் நம் வீட்டு முறை. எதற்காக ஜெபிக்கவேண்டும் என்று வீட்டுக்காரன்தான் கருத்துச் சொல்லவேண்டும், உனக்குத் தெரியும். நான் ரோமாபுரியே கேட்கும்படி தொண்டையைச் செருமி, கல்நெஞ்சனும் சொந்த இரத்தத்தை மறந்தவனுமான ஒரு மகா பாவி மனந்திரும்பவேண்டும் என்றேன். உன்னைத்தான் சொன்னேன், மறைப்பானேன். பாவியின் பெயரைச் சபையில் சொல்லக்கூடாது என்பதால் சொல்லவில்லை, அதுதான் வினையாயிற்று. அடடா, ஜனம் ஜெபித்ததே! கூரை ஓடுகள் எழும்பி மறுபடி உட்கார்ந்தன, குன்றக்குடி மயில்கள் பதிலுக்கு அகவின. வந்திருந்த நாற்பது பேரும் என்னையே பார்த்து ஜெபித்தார்கள், வீட்டுக்காரனுக்குரிய மரியாதை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். முடிந்ததும் ஜெபம் நடத்திய உபதேசியார் என் கைகளைப் பிடித்துக் கண்கலங்கி, "இத்தனை பேர் முன்னால ஒத்துக்கிட்டீகளே சந்தியாகண்ணே, அதுக்கே தனித் தைரியம் வேணும்" என்றார். சுரூபத்துக்குப் பூ கொண்டுவந்த பக்கத்து வீட்டுத் தேனம்மை ஆச்சி, "பிள்ளை பெட்டியத் தூக்கித் தெருவுல எறிஞ்ச கைக்கு இப்பவாவது புத்தி வந்துச்சே அப்பு, நானும் முருகன்கிட்ட இதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார். அது நானில்லை என்று பதறி விளக்கப் பார்த்தேன். உன் சின்னம்மா மெழுகுவர்த்தியை அணைத்துக்கொண்டே, "பின்ன யாருன்னு நினைச்சீக? இந்த முழங்கால் வலியோட நாலு வருசமா நான் வேண்டுறது வேற யாருக்காம்?" என்றாள்.

அதற்கப்புறம் மூன்று நாளாக நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, அதாவது பேசவேயில்லை. நீ உருக்காலைக்குப் போகிறேன் என்றபோது, தையல் இளப்பமாகிவிட்டதா, இனி இந்தப் படி ஏறாதே என்று கத்தினேனே, அது கோபமில்லையப்பா, நீ போய்விடுவாயே என்ற பயம். ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக வரும் ஐந்து தேவரகசியங்களில் மூன்றாவதைத் தொடங்கிச் சொல்வது தனக்குத்தான் என்று ஏழு வயதிலேயே பிடிவாதம் பிடித்தவன் நீ. நீ போனபின்னும் இன்றுவரை அதை வேறு யாரையும் நான் தொடங்கவிட்டதில்லை. அந்த இடம் வந்ததும் ஒரு மூச்சு நிறுத்திப் பார்ப்பேன், உன் குரல் வராது, நானே தொடங்குவேன். நாலு வருஷமாக அந்தப் பத்து மணிகளையும் உனக்காக உருட்டினேன், இப்போது எனக்காக உருட்டுகிறேன். கடைசியில், இரக்கம் அதிகம் தேவைப்படுகிறவர்களுக்கு உதவும் சேசுவே என்று வேண்டுகிற இடத்தில் குரல் அடைத்துக்கொள்கிறது. சளி என்று உன் சின்னம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன், நீயும் காட்டிக்கொடுக்காதே.

கிறிஸ்துமசுக்கு வந்துவிடு. பழைய அளவில் இரண்டு விரல் கூட்டி உனக்குச் சட்டை வெட்டிவிட்டேன், கழுத்துமட்டும் உன்னைப் பார்த்துத்தான் வெட்டவேண்டும். நான் எறிந்த பெட்டியை ரயிலடியிலிருந்து என் தலையிலேயே சுமந்து வந்து படியேற்றுகிறேன், ஊர் முழுக்கப் பார்க்கட்டும். அங்கே பனிக்குக் காதை மூடிக்கொள். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
நாற்பது பேர் ஜெபித்த மகா பாவி,
உன் சித்தப்பா
சந்தியாகு

பதிலை இந்த ஒருமுறை என் பெயருக்கு எழுதவும்.