சாவி என் இடுப்பில்தான் இருந்தது

புரோத்ராபூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் பாலகுமாருக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், மழை பிடித்ததிலிருந்து அவர் முழங்கால் மட்டும் தகராறு பண்ணுகிறது. நீயும் சென்னையில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். நீ ஃபேக்டரியில் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆன சேதி கேட்டு அப்பா டெய்ரி ஃபார்ம் கடைத்தெரு வரை போய் லட்டு வாங்கிவந்து, மில்லில் எல்லோருக்கும் கொடு என்றார், வழியிலேயே நாலைத் தின்றதை மட்டும் சொல்லவில்லை. எனக்கும் உன்னிடம் சொல்ல ஒரு சந்தோஷச் சேதி இருக்கிறது, ஆனால் போனில் நான் வாயெடுத்தாலே அப்பா நடுவில் புகுந்து கதையை முடித்துவிடுகிறார். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுக்கப் படி.

எங்கள் எண்ணெய் மில்லில் ஒரு சட்டம் உண்டு. கொப்பரை வெட்டும் மெஷினைத் துடைப்பதென்றால் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியை மேஸ்திரியான நான் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். ஆனால் நம் தீவுக் கரண்டு உனக்குத் தெரியாததா. 'லைட் கயா' என்று ஒருத்தி கத்தினால் போதும், கரண்டுதான் இல்லையே, பூட்டு எதற்கு என்று மூடியைக் கழற்றித் துடைக்க உட்கார்ந்துவிடுவார்கள். வருஷக்கணக்காக அப்படித்தான், வேலை சீக்கிரம் முடிகிறதே என்று நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். போன வாரம் நீ கப்பலில் அனுப்பிய பார்சல் மில் கேட்டுக்கு வந்திருக்கிறது என்றார்கள், அவ்வளவுதான், ஓடினேன். சாவி என் இடுப்பில், பெட்டி திறந்தபடி. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. பொங்கலுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த செல்லம் என்ற பெண், மற்றவர்களைப் போலவே மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டிருக்கிறாள், கரண்டு திரும்ப வந்துவிட்டது. மெஷின் அவள் துப்பட்டாவை இழுத்ததும் பக்கத்திலிருந்த ஷீலா சிவப்புப் பொத்தானை அறைந்து நிறுத்தினாள். துப்பட்டா கிழிந்ததோடு போயிற்று, கை தப்பியது.

முதலாளி பாபு ஓடிவந்தார். 'கிஸ்கா கல்தி ஹை', யார் தப்பு இது என்று கத்தினார். செல்லம் தலையைக் குனிந்துகொண்டு தன் தப்புதான் என்றாள், நாளையிலிருந்து வராதே என்றுவிட்டார். அம்மா என்ன செய்தேன் தெரியுமா, பேசாமல் நின்றேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பயந்துவிட்டேன்டா, இந்த வயதில் என்னை அனுப்பிவிட்டால் யார் வேலை தருவார்கள் என்று. சாப்பாட்டு நேரத்தில் செல்லம் கிழிந்த துப்பட்டாவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள், 'நீங்க கேட்டுக்குப் போனத நான் சொல்லலக்கா, கவலப்படாதீங்க' என்று. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் நேரே பாபுவின் அறைக்குப் போனேன், 'கல்தி மேரா, பாபு' என்றேன். பூட்ட வேண்டியவள் நான், இத்தனை வருஷம் பூட்டாமல் விட்டவளும் நான், அவளை அனுப்புவதானால் முதலில் என்னை அனுப்புங்கள் என்றேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார், இந்த அறைக்கு வந்து என் தப்பு என்று சொன்ன முதல் ஆள் நீதான் என்றார். பிறகு வயிறு நிறையத் திட்டினார், அது வேறு. நானும் விடவில்லை, நான் நகர்ந்தால் சாவியை வாங்கிக்கொள்ள இன்னொரு ஆள் போடுங்கள் என்று எத்தனை தடவை கேட்டேன், போடாதது உங்கள் கல்தி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் அவர் தலையாட்டினார். செல்லத்துக்கு வேலை போகவில்லை, ஷீலா எனக்கு மாற்று ஆள், எனக்கு ஒரு வார்னிங் லெட்டர். அதைச் சுவிட்சுப் பெட்டிக்கு மேலே நானே ஒட்டிவிட்டேன். எல்லோரும் பட்டம் வாங்கினால்தான் ஒட்டுவார்கள் என்று அப்பா கேலி பண்ணுகிறார்.

நேற்று மறுபடி கரண்டு போனது. சுவிட்சை அணைத்துப் பெட்டியைப் பூட்டி, சாவியைச் செருகிக்கொண்டு, ம், துடைங்கடி என்றேன். ஒருத்தியும் அசையவில்லை. செல்லம் என் முன்னால் வந்து நின்று, 'சாவியக் காட்டுங்கக்கா, பாத்துட்டுத்தான் கைய விடுவேன்' என்றாள். மேஸ்திரியையே சோதிக்கிறாளே! முன்பென்றால் என்ன ஆட்டம் ஆடியிருப்பேன் நான். எடுத்துக் காட்டினேன். அதுவும் போதாமல் போய்ப் பூட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கொப்பரைத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். உன் ஆட்கள் உன்னை அப்படிக் கேட்கிறார்களா குமாரு? மறைக்காமல் எழுது.

கண் டாக்டரிடம் போகச் சொல்லி ரெண்டு மாதமாகிறது, இந்த ஞாயிற்றுக்கிழமையாவது போ. நீயும் உன்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் காலையில் போன மாதிரியே முழுசாக வீடு திரும்ப வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வார்னிங் லெட்டர் வாங்கிய உன் அம்மா
அழகம்மா ராக்கப்பன்