நோயில்லாதவரின் ரத்தம்

பெங்களூரு, ஜனவரி 2008

என்னவருக்கு,

போன வாரம் நீங்கள் இங்கே வந்தபோது, என் காசநோய் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டுமென்று உங்களிடம் கேட்டேன். "எனக்கென்ன நோவு, வெரசா எடுத்துக்கோ" என்றீர்கள்.

முடியளவு வாய்க்கால்கள் ஓடும் கண்ணாடிச் சில்லில் உங்கள் ரத்த அணுக்களை உயிரோடு விட்டு, காசநோய்க் கிருமியின் துணுக்கைச் சேர்த்தேன். முன்பே அறிந்தவைபோல அவை சீறியதைச் சில்லிலுள்ள உணரி காட்டியது. ரத்தம் கொடுத்த மற்றவர்களுடையவை அசையவில்லை. மூன்று முறை பார்த்துவிட்டேன். "சில்லுதான் கோளாறு, விடுங்க" என்கிறாள் ஆய்வகத் தோழி. அப்படித்தானா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இங்கே இருந்தபோதும் இருமிக்கொண்டே இருந்தீர்களே, அந்த இருமல் கொடைக்கானல் பனியால் மட்டும்தானா?

வெள்ளிக்கிழமை பேத்துப்பாறைக்கு, நம் வீட்டுக்கு வருகிறேன்; சேர்ந்துபோய் எக்ஸ்ரே எடுப்போம். அதுவரை பாப்பா உங்கள் அக்காவோடு தூங்கட்டும். ஏன் என்று அவள் கேட்டால், "அப்பா குறட்டை விடுறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

பாப்பாவின் அம்மா