திகதி எழுதாத லீவு விண்ணப்பம்

அஜின்கோர்ட், ரொறன்ரோ
07.06.2009

அன்பு மகள் யதுஷாவுக்கு,

நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். நீயும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்து அறையிலிருந்து கேட்பார். அதனால்தான் கடிதம். தமிழ் வகுப்பில் படித்ததை மறந்திருக்க மாட்டாய். மெதுவாக வாசி.

நீ படிப்பிக்கும் ஜப்பான் பள்ளிக்கூடம் எங்களுக்கு மனப்பாடமாகிவிட்டது. இங்கே மாலை ஏழரை, உனக்குக் காலை எட்டரை ஆனதும் அம்மா மணிக்கூட்டைப் பார்த்து, "இப்ப பிள்ளை வாசலில சப்பாத்து மாத்துவாள்" என்பார். பிள்ளைகளே வெள்ளைத் தொப்பி போட்டுச் சாப்பாடு பரிமாறுவதும், எல்லோருக்கும் வைத்து முடியும்வரை நீ கை வைக்காமல் இருப்பதும், மிஞ்சிய பாலுக்கு அவர்கள் கைவிரல் காட்டிப் போட்டி போடுவதும் அவருக்குப் பிடித்தவை. நீயும் அவர்களோடு சேர்ந்து தரை துடைக்கிறாய் என்றபோது மட்டும், "கூட்டித் துடைக்கவோ இவள் கம்பஸ் படிச்சவள்?" என்று கேட்டார். பிறகு அதையே எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் புனிதவதி அன்ரியிடம் பெருமையாகச் சொன்னார்.

அம்மா ஏன் இரண்டு கிழமையாகப் போனுக்கு வருவதில்லை என்று கேட்டிருந்தாய்.

ஊரில் சண்டை முடிந்த கிழமை நீ ஆசிரியர் அறையில் அழுதாய். வன்னியில் இருக்கும் குலேந்திரன் மாமாவைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை என்றாய். உப அதிபர் அதை இழவாகவே எடுத்துக்கொண்டார். மறுநாள் காலைக் கூட்டத்தில் ஆசிரியர்கள் எல்லோரும் எழுந்து நின்று உனக்குத் தலை குனிந்தார்கள். லீவு விண்ணப்பமும் தந்தார்கள். அதில் இறந்தவர் பெயர், உறவு, இறந்த திகதி. திகதிக்கு என்ன எழுதுவது என்று நீ அம்மாவிடமே கேட்டுவிட்டாய்.

அம்மா போனை என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவினார். பிறகு வந்து, "உயிரோட இருக்கிற என்ர தம்பிக்கு ஆர் அவையளை எழும்பி நிக்கச் சொன்னது?" என்றார். உன்மேல் கோபம் இல்லை, மகள். திரும்பவும் அந்தத் திகதியைக் கேட்டுவிடுவாய் என்ற பயம்தான்.

இனி எழுதுவது உனக்கு மட்டும். செவ்வாய்க்கிழமை புனிதவதி அன்ரி என்னை மரக்கறிக்கடை வாசலில் மறித்தார். வவுனியா முகாமிலிருந்து அவருடைய தங்கை போன் எடுத்தாராம். முள்ளிவாய்க்காலில் அவர்களுடைய பங்கர்க் குழிக்குப் பக்கத்தில்தான் மாமாவும் இருந்திருக்கிறார். "அண்ணை, தங்கச்சியின்ர மனுசன்தான் மண் போட்டவர். உங்கட ரஞ்சிதத்துக்கு என்னால சொல்லேலாது. நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார்.

திகதியையும் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. உன் அம்மா அறிவதற்கு முன் அது வேறு எந்தக் காகிதத்திலும் ஏறக்கூடாது.

ஐந்து நாளாகச் சொல்லப் போவதும் திரும்பி வருவதுமாக இருக்கிறேன். நேற்று அம்மா கடைக்குப் போய் மாமா உடுக்க இரண்டு சாரமும் ஒரு சேட்டும் வாங்கி வந்தார். தம்பி மெலிந்திருப்பான் என்று சேட்டை ஓரளவு சின்னதாகவே எடுத்திருக்கிறார். முகாமுக்குக் கொண்டுபோக ஆள் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னார். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

யூலை கடைசியில்தான் உங்களுக்கு விடுமுறை என்று தெரியும். அதுவரை அந்த ஓமைச் சுமந்துகொண்டு என்னால் இருக்க முடியும் என்று தோன்றவில்லை. உப அதிபரிடம், அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கேள். நல்ல மனிதர், விடுவார். அம்மா உன்னை வா என்று கேட்கமாட்டார். நான் கேட்கிறேன். நான் முன்னால் இருந்து சொல்லும்போது, அவருக்குப் பக்கத்தில் நீ இருக்க வேண்டும்.

பிளேன் ஏறும் நாளை அறிவி. எந்த நேரமானாலும் விமான நிலையத்தில் நிற்பேன். கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா
சி. தம்பிமுத்து