மடையோர மூலையில் அறுத்த நெல்

கல்கத்தா
டிசம்பர் 1951

அப்பாவுக்கு நமஸ்காரம். நான் நலம். உங்கள் முட்டுவலி தேவலையா?

இங்கே புள்ளிவிவர மாநாட்டுக்குப் பல நாட்டுக் குழுக்கள் வந்திருக்கின்றன. நெல் விளைச்சலை நாம் மதிப்பிடும் முறையைக் கேட்ட ஒரு குழுத் தலைவர், "விவசாயி நல்லா விளைஞ்ச இடத்தைத்தானே காட்டுவார்?" என்று மடக்கினார். நான் எழுந்து, "என் அப்பாவே அப்படித்தான் காட்டினார். ஆனாலும் சீட்டுக் குலுக்கலில் விழுந்த, விளைச்சல் குறைந்த மடையோர மூலையில்தான் மாதிரிக்கு அறுத்தேன்" என்றேன். எல்லாக் குழுவினரும் குறித்துக்கொண்டார்கள்.

"ஏலே, சொந்த வயலையே கொறச்சுக் காட்டிட்டியே" என்றீர்களே, அந்த வயலைத்தான் சொன்னேன், அப்பா. அன்று நான் செய்தது சரி. இன்றும் அதையேதான் சொல்வேன்.

அன்று முதல் அம்மாவின் கையெழுத்தில்தான் கடிதம் வருகிறது. நேந்திரங்காய் உப்பேரி கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு மணி அடித்துவிட்டது, ஓடவேண்டும். கன்னிப்பூ அறுவடையில் எத்தனை கோட்டை நெல் கண்டது என்று மட்டும் நீங்களே எழுதுங்கள், அந்த மூலையையும் சேர்த்து.

மகன்
மாதேவன்